கிரீன் பெல்ட் நிலத்தில் பேடல் கோர்ட்: ஆட்சேபணை எழுதினால் எடுபடுமா?

வேலியோரம்

வணக்கம். இங்கிலாந்தில் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. பின்வேலியைத் தாண்டினால் பொது நடைபாதை, அதற்கு அப்பால் குதிரைகள் மேயும் நிலம், அத்தனையும் கிரீன் பெல்ட், அதாவது கட்டடம் கட்டக் கடும் கட்டுப்பாடு உள்ள நிலம். பக்கத்து டென்னிஸ் கிளப் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நான்கு பேடல் கோர்ட் (கண்ணாடிச் சுவருக்குள் ஆடும், டென்னிஸ் மாதிரியான ஆட்டத்துக்கான களம்) போட கவுன்சிலில் விண்ணப்பித்திருக்கிறது. விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

கோர்ட்டோடு முடியவில்லை. நான்கில் மூன்றுக்கு கேனபி கூரை, எல்லாவற்றுக்கும் ஃப்ளட்லைட், முப்பது கார் நிற்க இடம், வரவேற்பறை என்று ஒரு சின்னக் கட்டடம். தினமும் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை ஆட்டம்.

வீடு வாங்கும்போது ஏஜெண்ட், "பின்னால் கிரீன் பெல்ட் சார், ஒரு செங்கல் கூட வராது" என்றார். இப்போது கிளப்காரர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்: விளையாட்டுக்கு கிரீன் பெல்ட்டில் அனுமதி உண்டாம், எதிர்ப்பது வீணாம். யார் சொல்வது சரி? தெருவில் இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று பேச்சு. அது பலிக்குமா?

சத்தம் வேண்டாம்

அனுப்புங்கள், விடாதீர்கள். பேடல் வந்த பிறகு பழைய வீட்டில் என்ன பாடுபட்டோம் என்று எனக்குத்தான் தெரியும். அது டென்னிஸ் சத்தம் இல்லை. நரம்பில்லாத கெட்டி மட்டை, நான்கு பக்கமும் கண்ணாடியும் கம்பி வலையும். பந்து மட்டையில் பட்டால் ஒரு 'டப்', கண்ணாடியில் பட்டால் இன்னொரு 'டம்', கூடவே நான்கு பேர் கத்தல். கோடையில் ஜன்னலைத் திறக்க முடியாது. கவுன்சிலில் புகார் கொடுத்தால், "அனுமதி பெற்ற இடம், அனுமதித்த நேரம்" என்று ஒரு வரியில் பதில்.

மாலை ஆட்டம்

எதிர்ப்பதற்கு முன்னால் மறுபக்கத்தையும் கேளுங்கள். நான் பேடல் ஆடுகிறவன். நாற்பது வயதுக்கு மேல் முழங்கால் ஒத்துழைக்காதவர்கள், ராக்கெட்டே பிடித்தறியாதவர்கள் எல்லாம் முதல் நாளே ஆடக்கூடிய ஆட்டம் இது. ஒரு கோர்ட் 20 மீட்டருக்கு 10 மீட்டர்தான்; ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கு ஒதுக்கும் இடத்தில் ஓட்டப்பரப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு போட்டுவிடலாம். குதிரை மேய்கிற தனியார் நிலத்தை யாரும் அனுபவிப்பதில்லை. அங்கே பிள்ளைகள் ஓடியாடினால் நல்லதுதானே? வீட்டுக்குப் பின்னால் எதுவும் வரக் கூடாது என்பதற்குக் கிரீன் பெல்ட்டைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலியோரம்

நடைபாதையில் தினமும் நூறு பேர் நாயோடு நடக்கிறார்கள். யாரும் அனுபவிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

கோட்டுப்படம்

பல வருஷம் கவுன்சில் பக்கமும், பிறகு விண்ணப்பதாரர் பக்கமும் பிளானிங் (கட்டுமான அனுமதி) வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். ஏஜெண்ட் சொன்னது தவறு. கிளப் சொன்னது பாதி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிரீன் பெல்ட் அழகுக்காகப் போட்ட பாதுகாப்பு இல்லை. அழகான நிலப்பரப்புக்கு நேஷனல் லேண்ட்ஸ்கேப் என்று வேறு வகை இருக்கிறது, 2023 வரை வேறு பெயரில் இருந்தது. கிரீன் பெல்ட் ஊர் பரவாமல் தடுக்கிற ஏற்பாடு. லண்டனைச் சுற்றி 1938 சட்டத்தில் தொடங்கி, 1955இல் வீட்டுவசதி அமைச்சர் டங்கன் சாண்டிஸ் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பிறகு மற்ற நகரங்களுக்கும் போனது. இன்றைக்கு இங்கிலாந்து நிலத்தில் சுமார் 12.5 சதவீதம். அதில் பூ பூத்த புல்வெளியும் உண்டு, பழைய டயர் குவித்த முற்றமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே அந்தஸ்து. ஆகவே "எங்கள் நிலம் எவ்வளவு அழகு தெரியுமா" என்று இரண்டு பக்கம் எழுதினால், கவுன்சிலின் பிளானிங் ஆபீசர் படித்துவிட்டு ஓரமாக வைப்பார்.

இப்போது விதி. தேசியக் கொள்கை ஆவணம், எல்லோரும் என்பிபிஎஃப் என்பது, 2024 டிசம்பர் பதிப்பில் 153, 154, 155 ஆகிய மூன்று பந்திகளைப் படியுங்கள். எண்கள் பதிப்புக்குப் பதிப்பு நகரும், முடிவெடுக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள். 153 சொல்வது: கிரீன் பெல்ட்டில் பொருந்தாத கட்டுமானம் என்பதே தீங்கு, மிக விசேஷமான சூழ்நிலை இருந்தால் ஒழிய அனுமதிக்கக் கூடாது. 154 அந்தப் 'பொருந்தாத' பட்டியலிலிருந்து சிலவற்றை விலக்குகிறது. அதில் ஒன்று, வெளிப்புற விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஏற்ற வசதிகள். சவக்காலையும் காய்கறித் தோட்டமும் அதே வரியில்தான் வரும். கிளப் காட்டுவது இந்த வரியை. ஆனால் அந்த வரி அங்கே முடியவில்லை. அந்த வசதி நிலத்தின் ஓப்பன்னஸை, அதாவது கட்டடமின்றித் திறந்து கிடக்கும் தன்மையை, குலைக்கக் கூடாது, கிரீன் பெல்ட்டின் ஐந்து நோக்கங்களோடு மோதக் கூடாது என்று தொடர்கிறது. உங்கள் வழக்கு முழுக்க அந்தப் பின்பாதியில் இருக்கிறது.

வேலியோரம்

அந்த ஓப்பன்னஸ் என்பதை எப்படி அளப்பார்கள் அண்ணே? கோர்ட் என்பது தரையில் போட்ட பச்சை விரிப்புதானே, நிலத்தை மூடவில்லையே என்கிறது அவர்களுடைய அறிக்கை.

கோட்டுப்படம்

அளவுகோல் என்று ஒன்று இல்லை. அதனால்தான் இத்தனை வழக்கு. 2016இல் டர்னர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கன அளவை மட்டும் கூட்டிக் கழிக்காதீர்கள், கண்ணுக்கு எப்படிப் படுகிறது என்பதும் இதில் சேரலாம் என்றது. 2020இல் சாமுவேல் ஸ்மித் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அது ஒரு கல்குவாரி விரிவாக்கம். அங்கே, பார்வைக்கான தாக்கத்தை எல்லா வழக்கிலும் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்றில்லை, முடிவெடுப்பவரின் பிளானிங் கணிப்புக்கு விட்ட விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். அரசின் வழிகாட்டுக் குறிப்பில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறது: ஒன்று, இடத்தளவிலும் பார்வையளவிலும் என்ன மாறுகிறது; இரண்டு, எவ்வளவு காலத்துக்கு, பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவர முடியுமா; மூன்று, அங்கே நடமாட்டம் எவ்வளவு கூடும். கடைசியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முப்பது கார் பதினைந்து மணி நேரம் வந்து போவதும் ஓப்பன்னஸ் விஷயம்தான்.

பச்சை விரிப்பு என்பது நல்ல வாதம், விரிப்பு மட்டும் இருந்தால். டிராயிங்கைத் திறந்து பாருங்கள். பேடல் கோர்ட்டின் கண்ணாடிச் சுவர் 3 மீட்டர், அதற்கு மேல் வலையோடு சேர்த்து இரண்டு முனையிலும் 4 மீட்டர். ஃப்ளட்லைட் கம்பம் பெரும்பாலும் 6 மீட்டர். கேனபி உச்சி எவ்வளவு என்று எழுதியிருக்கிறது?

வேலியோரம்

குறுக்குவெட்டு டிராயிங்கில் 8.7 மீட்டர். இப்போதுதான் கவனிக்கிறேன். எங்கள் வீட்டுக் கூரையும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

கோட்டுப்படம்

பக்கங்கள் திறந்திருக்கின்றனவா, மூடியா?

வேலியோரம்

இரண்டு பக்கம் துணி, இரண்டு பக்கம் திறப்பு. மூன்று கோர்ட்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கோட்டுப்படம்

இதுதான் அவர்களுடைய பலவீனமான இடம். கோர்ட்டும் வலையும் மட்டும் என்றால் விலக்குக்குள் வருகிறது என்று ஆபீசர் சொல்லிவிடலாம். மூன்று கோர்ட்டை மூடுகிற, வீட்டளவு உயரமான கூரை வந்த பிறகு, அது ஓப்பன்னஸைக் காக்கிறது என்று சொல்வது கடினம். பக்கமும் மூடினால் அது வெளிப்புற விளையாட்டா என்ற கேள்வியே எழும்.

ஒரு கூறு இடறினாலும் மொத்த விண்ணப்பமும் பொருந்தாத கட்டுமானம் ஆகிவிடும் என்று ஆபீசர் முடிவெடுக்க இடமிருக்கிறது. அப்புறம் கிளப் தான் 'மிக விசேஷமான சூழ்நிலை'யை நிரூபிக்க வேண்டும். கிரீன் பெல்ட்டுக்கு வரும் தீங்கோடு சத்தம், வெளிச்சம், போக்குவரத்து எல்லாத் தீங்கையும் ஒரே தட்டில் போட்டு, அத்தனையையும் நன்மைகள் தெளிவாக விஞ்ச வேண்டும். சமமாக இருந்தால் போதாது.

இரண்டாம் சர்வ்

நான் வேறொரு ஊரில் ஒரு கிளப்பின் கமிட்டியில் இருக்கிறேன். கிளப்காரர்கள் ஏன் கேனபியும் விளக்கும் கேட்கிறார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் ஆட வருவது ஆறு மணிக்கு மேல். விளக்கு இல்லாத கோர்ட் அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை வார நாளில் காலியாகக் கிடக்கும். மழை வந்தால் கண்ணாடி நனைந்து பந்து எழும்பாது, ஆட்டமே கெட்டுப்போகும். கடன் வாங்கிக் கோர்ட் போடுகிறோம், மாலை நேர வாடகைதான் அந்தக் கடனைக் கட்டுகிறது. விளக்கை எட்டு மணிக்கு அணைக்கச் சொன்னால் வங்கிக்குக் காட்டும் கணக்கு அங்கேயே செத்தது. பேராசை இல்லை இது.

ஊருக்குள் இடம் தேடவில்லையா என்று கேட்பார்கள். தேடினோம். பூங்காவில் பழைய டென்னிஸ் கோர்ட் கேட்டால் பொதுமக்கள் எதிர்ப்பு. தொழிற்பேட்டைக் கிடங்கு கேட்டால் வாடகை கட்டுபடியாகாது, கூரை உயரமும் போதாது. கடைசியில் ஊர் ஓரத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ஊர் ஓரம் முழுக்க கிரீன் பெல்ட்.

கோட்டுப்படம்

நீங்கள் சொல்வது நியாயம், அதை விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. நான் பார்த்த பிளானிங் ஸ்டேட்மெண்ட்களில் பாதிக்கு மேல் "பேடல் வேகமாக வளர்கிறது, பிரிட்டன் டென்னிஸ் சங்கமான எல்டிஏ 2020 முதல் இதை நிர்வகிக்கிறது, ஆகவே தேவை இருக்கிறது" என்றே முடிந்துவிடும். நாடு முழுக்க ஒரு ஆட்டம் பிரபலம் என்பது இந்த நிலத்தில் இத்தனை கோர்ட் வேண்டும் என்பதற்குச் சான்று ஆகாது. எந்தெந்த இடம் பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள், காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு, பள்ளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? இவை இருந்தால் எடை கூடும்.

தென்னங்காணி

வணக்கம் பிள்ளையள். நான் விம்பிள்டன் பக்கம் கனகாலமா இருக்கிறன். உந்தக் கதையை நாங்கள் பெரிய அளவில பாத்துக்கொண்டு இருக்கிறம். விம்பிள்டன் போட்டி நடத்திற டென்னிஸ் கிளப்காரர் பழைய கோல்ஃப் காணியில 39 புதுக் கோர்ட் போடப் போகினம். அதில ஒண்டு 8,000 பேர் இருந்து பாக்கிற ஸ்டேடியம். அந்தக் காணி மெட்ரோபொலிட்டன் ஓப்பன் லேண்ட், லண்டன் பிளானில அதுக்கும் கிரீன் பெல்ட் மாதிரியே பாதுகாப்பு. போதாக்குறைக்கு பேர்போன தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் அமைச்ச பூங்கா, பாரம்பரியப் பட்டியல்லயும் கிடக்கு.

நடந்ததைக் கேளுங்கோ. காணி ரெண்டு கவுன்சிலில கிடக்கு. 2023 அக்டோபரில மெர்ட்டன் ஓம் எண்டது, நவம்பரில வாண்ட்ஸ்வொர்த் மாட்டன் எண்டது. பிறகு லண்டன் மேயர் அலுவலகம் எடுத்தது. மேயர் சாதிக் கான் முன்னமே ஆதரவாக் கதைச்சவர் எண்டதால தான் விலகி நிண்டவர், துணை மேயர் ஜூல்ஸ் பைப் 2024 செப்டம்பரில அனுமதி குடுத்தார். சனம் ஹைகோர்ட்டுக்குப் போச்சுது. 2025 ஜூலையில நீதிபதி சைனி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அதால தம்பி, பாதுகாத்த காணி எண்டு எழுதி வச்சிருக்கிறது பூட்டில்லாக் கதவு மாதிரி. தள்ளிறவன் பெரிய ஆளெண்டா திறக்கும்.

மாலை ஆட்டம்

ஐயா, அதே திட்டத்தில் இத்தனை வருஷம் கோல்ஃப் உறுப்பினர்கள் மட்டும் நுழைந்த நிலத்தில் 27 ஏக்கர் புதிய பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கிறது. அதையும் சொல்ல வேண்டாமா?

தென்னங்காணி

சொல்லுறன், சொல்லுறன். பூங்கா நல்லது. ஆனா கிளப் 1993இல மெர்ட்டன் கவுன்சிலிட்ட இருந்து காணியை வாங்கேக்க, கட்டடம் கட்டமாட்டம் எண்டு எழுதிக் குடுத்தது. அந்த வாக்கு எங்க போச்சு எண்டுதான் சனம் கேக்குது. கோல்ஃப் கிளப்பின்ர குத்தகையை 2018இல 65 மில்லியன் பவுண் குடுத்து முடிச்சவை. அவ்வளவு காசு எறியேக்கயே யோசிச்சுத்தானே எறிஞ்சிருப்பினம்.

கோட்டுப்படம்

ஐயா சொன்னதில் வேலியோரத்துக்கு இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, விம்பிள்டனில் அதைப் பொருந்தாத கட்டுமானம் என்றுதான் எடுத்தார்கள். விலக்கு வழியாக நுழையவில்லை, விசேஷச் சூழ்நிலை வழியாகத்தான் அனுமதி. உலகம் முழுக்கப் பார்க்கிற போட்டி, தகுதிச் சுற்றை ரோஹாம்ப்டனில் வைக்காமல் ஒரே இடத்தில் நடத்துவது, பொதுப் பூங்கா, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கினார்கள். நான்கு பேடல் கோர்ட்டுக்கு அந்தத் தட்டு இல்லை. எனவே "விம்பிள்டனுக்கே கொடுத்தார்கள்" என்று கிளப் சொன்னால் பயப்படாதீர்கள், அது உங்களுக்குத்தான் சாதகம்.

இரண்டு, நில விற்பனைப் பத்திரத்தில் எழுதிய கட்டுப்பாடும் பிளானிங் அனுமதியும் தனித்தனி. அனுமதி கிடைத்தாலும் பத்திரக் கட்டுப்பாடு தானாக நீங்காது, பத்திரத்தைக் காட்டி அனுமதியையும் நிறுத்த முடியாது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சிறு கட்டணம் கட்டி அந்த மேய்ச்சல் நிலத்தின் பதிவை எடுத்துப் பாருங்கள். இருந்தால் வக்கீலிடம் போங்கள், பிளானிங் கடிதத்தில் நீட்டி எழுத வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. அவர்கள் ஸ்டேட்மெண்டில் 'கிரே பெல்ட்' என்று எங்காவது வருகிறதா?

வேலியோரம்

வருகிறது. 19ஆம் பக்கம். "மாற்று வாதமாக" என்று போட்டு நான்கு பந்தி. நான் அதைக் கடந்து போய்விட்டேன், கிரீன் பெல்ட் பற்றித்தானே பேசுகிறோம் என்று.

கோட்டுப்படம்

திரும்பிப் போய் அதையே முதலில் படியுங்கள். 2024 டிசம்பரில் வந்த புது வகை. கிரீன் பெல்ட்டுக்குள்ளேயே, ஏற்கெனவே கட்டப்பட்ட நிலமானாலும் வேறு நிலமானாலும், மூன்று நோக்கங்களில் எதற்கும் வலுவாக உதவாதது கிரே பெல்ட். அந்த மூன்று: பெரிய நகரம் பரவுவதைத் தடுப்பது, இரண்டு ஊர் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, வரலாற்று நகரத்தின் சூழலைக் காப்பது. நாட்டுப்புறத்துக்குள் ஊடுருவுவதைத் தடுப்பது என்ற நோக்கம் இந்தப் பட்டியலில் இல்லை. ஊரை ஒட்டிய மேய்ச்சல் நிலத்துக்குப் பெரும்பாலும் மிஞ்சியிருப்பதே அந்த நோக்கம்தான், அதையே எடுத்துவிட்டார்கள்.

கிரே பெல்ட் என்று ஆகிவிட்டால் 155 வழியாகப் போகலாம். அந்த வகைக் கட்டுமானத்துக்கு நிரூபிக்கக்கூடிய, தீராத தேவை இருக்க வேண்டும். இடம் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மொத்த கிரீன் பெல்ட்டின் நோக்கம் அடியோடு குலையக் கூடாது. இவை தேறினால் அது பொருந்தாத கட்டுமானமே இல்லை, கேனபி உயரம் பற்றி நாம் மேலே பேசிய ஓப்பன்னஸ் சோதனையும் அந்த வழியில் இல்லை. நீங்கள் 154ஐ மட்டும் பிடித்து எழுதி, ஆபீசர் 155ஐ ஏற்றுக்கொண்டால், உங்கள் கடிதம் காற்றில் போய்விடும்.

வேலியோரம்

அடப்பாவிகளா. சரி, அதற்கு என்ன பதில்?

கோட்டுப்படம்

இரண்டு முனையில். உங்களுக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் அந்த நிலம் எவ்வளவு அகலம்? இடைவெளி ஒடுங்கியதாக இருந்தால், வரைபடத்தோடு காட்டி, ஊர் ஒட்டுவதைத் தடுப்பதில் இதற்கு வலுவான பங்கு என்று வாதிடலாம். ஆனால் நோக்கம் சொல்வது நகரங்களை, ஒரு கிராமத்தைக் காட்டி இந்த வாதம் வைத்தால் நிற்பது சந்தேகம். கவுன்சில் முன்பு செய்த கிரீன் பெல்ட் ஆய்வில் இந்த நிலத்துண்டுக்கு என்ன மதிப்பெண் என்பதும் அவர்கள் இணையதளத்தில் கிடைக்கும். அடுத்தது தேவை. 'நிரூபிக்கக்கூடிய' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவுன்சிலின் விளையாட்டு வசதித் திட்டத்தில் பேடலுக்கு எண்ணிக்கை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

சத்தம் வேண்டாம்

இத்தனை சட்டமும் பேசுகிறீர்கள். இரவில் தூங்க முடியாத சத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

கோட்டுப்படம்

வருகிறேன். நேர்மையாகச் சொன்னால், பேடல் விண்ணப்பங்களில் கிரீன் பெல்ட்டை விடச் சத்தம்தான் பெரிய சண்டை.

நாய்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து ஒன்றை மட்டும் தேடுங்கள்: எண்கள் சராசரியா, உச்சமா? ஒரு மணி நேரச் சராசரியாகப் போட்டால், ஒவ்வொரு அடிக்கும் எழும் 'டப்' நடுவில் உள்ள அமைதியோடு கலந்து மெலிந்துபோகும். காகிதத்தில் 45 டெசிபல் என்று அழகாக நிற்கும். தோட்டத்தில் உட்காரும் நீங்கள் கேட்பது சராசரியை அல்ல, தனித்தனி அடியை. உச்ச அளவும், அது உங்கள் ஜன்னலில் எவ்வளவு, எத்தனை முறை என்பதும் வேண்டும் என்று சுற்றுச்சூழல் ஆபீசருக்கே நேராக எழுதுங்கள். பின்னணிச் சத்தத்தை எந்த நேரம் அளந்தார்கள் என்றும் பாருங்கள். பகல் மூணு மணிக்குச் சாலை இரைச்சலோடு அளந்துவிட்டு இரவு ஒன்பதரைக்குப் பொருத்துவது வழக்கமான தந்திரம்.

வெளிச்சத்துக்கும் அப்படித்தான். லக்ஸ் (வெளிச்ச அளவு) பிளான் என்று வளைகோடுகள் போட்ட தாள் இருக்கும். உங்கள் ஜன்னல் எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். விளக்குப் பொறியாளர்களின் வழிகாட்டியில் கிராமப்புற வகைக்கு ஜன்னலில் விழக்கூடியது 5 லக்ஸ், வெளிச்சத்தைக் குறைக்க வேண்டிய இரவு நேரக் கெடுவுக்குப் பின் 1 லக்ஸ். புறநகர் வகை என்று போட்டால் 10, 2 ஆகிவிடும். ஊர் எல்லையில் இருக்கிற மேய்ச்சல் நிலத்தைச் சத்தமில்லாமல் புறநகர் வகையில் போட்டிருப்பார்கள். நடைபாதை ஓரத்தில் வேலி மரங்கள் இருந்தால், அங்குள்ள வௌவால்களை வெளிச்சம் பாதிக்குமா என்று பார்க்கும் வௌவால் சர்வே எங்கே என்றும் கேளுங்கள்.

வேலியோரம்

பார்த்துவிட்டு வந்தேன். புறநகர் வகைதான் போட்டிருக்கிறார்கள். பின்னணி அளவு மதியம் ஒன்றரை மணி முதல் மூன்றரை வரை. வௌவால் சர்வே கிடையாது. "மரங்களை வெட்டவில்லை, ஆகவே தேவையில்லை" என்று ஒரு வரி.

இரண்டாம் சர்வ்

சரி, இது சோம்பேறித்தனமான விண்ணப்பம். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கிளப்பில் இதைவிட ஒழுங்காகச் செய்தோம், அப்படியும் முதல் முறை நிராகரித்தார்கள்.

தென்னங்காணி

தம்பி, அந்த இருபது வீட்டுக் கடிதத்தைப் பற்றிக் கேட்டனீர். ஒரே கடிதத்தில இருபது கையெழுத்து வேண்டாம். ஒவ்வொருத்தரும் தங்கட பாட்டில எழுதட்டும். வீட்டு விலை குறையும், எங்கட காட்சி மறையும் எண்டு மட்டும் எழுதவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. உதை அவை கணக்கில எடுக்காயினம்.

கோட்டுப்படம்

சரியாகச் சொன்னார். வீட்டு விலையும் தனியார் காட்சியும் பிளானிங் விஷயமாகாது. பொது நடைபாதையிலிருந்து தெரிகிற காட்சி ஆகும். அதனால் நடைபாதையில் நின்று, இலை உதிர்ந்த காலத்திலும் எடுத்த படங்களைச் சேருங்கள்.

காலக்கெடு சாதாரணமாக 21 நாள், ஆனால் முடிவெடுக்கும்வரை வருகிற கடிதத்தைப் பெரும்பாலும் ஏற்பார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: நிராகரித்தால் கிளப் ஆறு மாதத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டில் (மேல்முறையீடுகளைப் பார்க்கும் அரசு அமைப்பு) அப்பீல் போகலாம். அனுமதித்தால் உங்களுக்கு அப்பீல் கிடையாது. ஆறு வாரத்துக்குள் நீதிமன்றச் சீராய்வு மட்டும்தான், அதுவும் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்ப்பார்களே தவிர, சரியான முடிவா என்று பார்க்க மாட்டார்கள். செலவும் பெரிது. இப்போது செய்கிற வேலைதான் வேலை.

மாலை ஆட்டம்

ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. கேனபியை எடுத்துவிட்டு, இரவு ஒன்பதோடு நிறுத்தினால் வேலியோரம் ஏற்பாரா? இல்லை, எதுவுமே வேண்டாம் என்பாரா?

வேலியோரம்

நான் ஏற்பேன். என் மனைவி ஏற்க மாட்டாள். தெருவில் பாதிப் பேர் என்ன போட்டாலும் எதிர்ப்பார்கள், மூன்று வீட்டுப் பிள்ளைகள் எப்போது திறப்பார்கள் என்று கேட்கிறார்கள். ஒரே கடிதம் என்பது அதிலேயே அடிபட்டுப்போனது.

வேலியோரம்

பல வாரம் கழித்து எழுதுகிறேன். கிளப் திருத்திய டிராயிங் கொடுத்திருக்கிறது. கேனபி போய்விட்டது. கோர்ட் நான்கிலிருந்து மூன்று. கம்பம் அதே 6 மீட்டர். நேரம் இரவு 10 என்பது 9.30 ஆகியிருக்கிறது. கார் இடம் முப்பது அப்படியே இருக்கிறது. புதிய சத்த அறிக்கையில் மாலை அளவும் உச்ச அளவும் சேர்த்திருக்கிறார்கள், எங்கள் தெருப் பக்கம் ஒரு சத்தத் தடுப்பு வேலி. வௌவால் சர்வே இன்னும் இல்லை. முடிவெடுக்கும் கவுன்சில் கமிட்டியில் எதிர்ப்பவர்களுக்கு மொத்தம் மூன்று நிமிடம். நான் பேசுகிறேன். எதைச் சொல்வது?

சத்தம் வேண்டாம்

வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று கோர்ட்டும் சத்தம் போடும்.

கோட்டுப்படம்

மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் கார் இடத்துக்கு. கோர்ட் குறைந்தும் முப்பது ஏன்? மூன்று கோர்ட்டில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள், ஆட்டம் மாறும்போது அடுத்த பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு கார் வந்தாலும் ஆறு மிச்சம் எதற்கு என்று கேளுங்கள், கிளப் டென்னிஸ் வண்டிகளை இங்கே கொண்டுவரப் போகிறது என்று நான் ஊகிக்கிறேன். அடுத்தது வௌவால்: சர்வே இல்லாமல் அனுமதித்துவிட்டு நிபந்தனையாகப் பிறகு கேட்பது சரியான வரிசை அல்ல, ஆபீசருக்கும் அது தெரியும்.

மிச்ச நேரத்தில், அனுமதிப்பதானால் இந்த நிபந்தனைகள் இல்லாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். விளக்குகள் நேரக்கருவியால் தானாக அணைய வேண்டும், ஆளை நம்பி விடக் கூடாது. எதிர்காலத்தில் கூரையோ மூடாப்போ போடத் தனி அனுமதி. சத்தத் தடுப்பு வேலி முதல் ஆட்டத்துக்கு முன்பே நிற்க வேண்டும். பேடல் நின்றுபோனால் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து நிலத்தைப் பழையபடி ஆக்க வேண்டும். இந்தக் கடைசியை வழக்கமாக யாரும் கேட்பதில்லை; கேட்டால் மறுப்பதற்குக் காரணமும் இருக்காது.

நேரத்தை 9 மணிக்கு இறக்கக் கேளுங்கள். 9.30இல் நிற்பார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு 8 கிடைக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாம் சர்வ்

ஞாயிறு 8 எங்களுக்கும் அப்படித்தான் போட்டார்கள். பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

வேலியோரம்

எழுதி வைத்துக்கொண்டேன். கமிட்டி அடுத்த புதன்கிழமை. லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவையும் எடுத்தேன், அந்த நிலத்தில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. என் மனைவி தனியாக வேறு கடிதம் அனுப்பியிருக்கிறாள், அதில் நான் சொல்லப்போவதற்கு நேர்மாறாக இருக்கிறது.